நீச்சல் குளம்: மூடியா, நிழலா?

தைப்பூசம் கழிந்து பால்மரங்கள் (ரப்பர் மரங்கள்) இலை கொட்டும் நாட்களில்தான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நீச்சல் குளம் வைத்திருப்பவனுக்குச் சோதனை. மற்ற மாதங்களில் குறைந்த நீரைச் சாயங்கால மழையே நிரப்பிவிடும். அண்ணன் பழைய துரை பங்களாவை விருந்தினர் இல்லமாக்கி, 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலத்தில் ஒரு குளமும் கட்டிவிட்டார். வறண்ட நாளில் 5 மில்லிமீட்டர் வற்றினால் 160 லிட்டர் போகிறது. குளத்து நீரையே வாளியில் மொண்டு, படிக்கட்டில் நீருக்குள் நிற்கவைத்து, வாளியிலும் சுவரிலும் கோடு போட்டுப் பார்த்தோம். 24 மணி நேரத்தில் இரண்டும் ஒரே அளவு இறங்கின. கசிவு இல்லை, எல்லாம் ஆவிதான்.

உடனே மூடி வாங்கலாம் என்றார் அண்ணன். நான் தடுத்தேன். மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அப்படித்தான் குளமும் குளிர்கிறது. ஆவியாகும் ஒவ்வொரு லிட்டரும் சுமார் 0.67 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பத்தைக் கொண்டுபோகிறது. 160 லிட்டருக்கு நூறு யூனிட்டுக்கு மேல். அதில் பாதியை அடைத்தால், 1.4 மீட்டர் ஆழமுள்ள எங்கள் குளத்தை ஒரே நாளில் ஏறக்குறைய 1 டிகிரி ஏற்றும் வெப்பம் உள்ளேயே தங்கும்.

கடைகளில் முதலில் காட்டுவது குமிழிப் போர்வை, காற்றுக் குமிழிகள் அடைத்த பிளாஸ்டிக் விரிப்பு. ஆவியை அடைப்பதில் கெட்டி. ஆனால் குளிர் நாடுகளில் குளத்தைச் சூடாக்குவதற்காக விற்கும் பொருள் அது. ஒளி ஊடுருவும் வகை, வெயிலை உள்ளே விட்டுச் சூட்டை வெளியே விடாது. இரவில் மட்டும் போடலாமே என்பார்கள். பகலில் வாங்கிய சூட்டைக் குளம் இறக்கிவைப்பதே இரவில்தான். அப்போதா வாயை மூடுவது?

வெள்ளிப் பூச்சுள்ள, ஒளி புகாத போர்வை பரவாயில்லை. வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் இழுத்து மூட இரண்டு பேர் வேண்டும், மேலே மழைநீர் தேங்கினால் டிங்கிக் கொசு குடியேறும். ஆள் வராத வாரங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

திரவ மூடி என்று ஒன்று உண்டு. கொழுப்பு ஆல்கஹால் ஒரு மூலக்கூறு கனத்தில் நீர்மேல் படரும், கண்ணுக்குத் தெரியாது. காற்று வீசினாலோ பிள்ளைகள் குதித்தாலோ கலைந்து, பிறகு தானே கூடும். அடிக்கடி ஊற்ற வேண்டும். மிச்சமாகும் நீர் போர்வை அளவுக்கு வராது. வெயிலையும் அது தடுப்பதில்லை.

லாஸ் ஏஞ்சலஸ் நீர்த்தேக்கத்தில் 2015இல் 9 கோடியே 60 லட்சம் கறுப்புப் பந்துகளை மிதக்கவிட்டதைச் சொன்னான் மருமகன். அங்கே முதல் நோக்கம் குடிநீரில் வெயிலால் புரோமேட் என்ற கெடுதலான வேதிப்பொருள் உண்டாகாமல் தடுப்பது. தவிர, பந்துகளுக்கு நடுவே யார் நீந்துவது?

என் ஓட்டு நிழலுக்கு. செம்பனை (எண்ணெய்ப் பனை) நாற்றங்காலில் கட்டும் அதே கறுப்பு வலைதான். நீரைத் தொடும் முன்பே வெயிலை வடிகட்டுவதால் தண்ணீர் சூடேறுவது குறைகிறது, அதனாலேயே ஆவியும் குறைகிறது. குளோரினும் சீக்கிரம் அழிவதில்லை. கீழே காற்றோட்டம் இருப்பதால் இரவில் குளம் தாராளமாக மூச்சுவிடும். போர்வை அளவுக்கு நீர் மிஞ்சாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தினமும் கொஞ்சம் குழாய் திறக்கத்தான் வேண்டும். புயற்காற்றில் கிழியும் என்பது அண்ணனின் பயம். நாற்றங்காலில் முப்பது வருடம் வேலை பார்த்த மாமாவைக் கேட்டோம். ஒரு பக்கம் தாழ்த்தி, கயிற்றைச் சுருக்குப் போட்டுக் கட்டினால் மழைக்கு முன் ஒரே ஆள் அவிழ்த்துவிடலாம் என்றார். சனிக்கிழமை கம்பம் நட வருகிறார்.