நாளுக்கு நாற்பது கிலோமீட்டர் ஓடுற பிக்கப்புக்கு டீசல் வாங்கி நாங்க பட்ட பாடு

பிக்கப் வண்டி வாங்கப் போறவங்க, முக்கியமா தண்ணி கேன், பால், மளிகைனு ஊருக்குள்ளயே சுத்திச் சுத்தி டெலிவரி பண்றவங்க, இதைக் கொஞ்சம் பொறுமையா படிங்க. வழக்கு நடக்கிறதால கம்பெனி பேரும் ஷோரூம் பேரும் போடலை. நடந்ததை மட்டும் அப்படியே எழுதுறேன்.

நாங்க கோயம்புத்தூர் கணபதியில 20 லிட்டர் தண்ணி கேன் போடுறோம். வண்டி ஓட்டுறது, கேன் இறக்குறது எல்லாம் வீட்டுக்காரர். ஆர்டரும் கணக்கும் நான். கணபதி, ஆவாரம்பாளையம், சரவணம்பட்டி, எங்க வட்டம் அவ்வளவுதான். ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். ஆனா அந்த 40 கிலோமீட்டருக்குள்ள தொண்ணூறு இடத்துல வண்டி நிக்கும். அவர் மூணாவது மாடிக்குக் கேன் தூக்கிட்டுப் போயிட்டு வர்ற வரைக்கும் கீழே என்ஜின் ஓடிட்டே இருக்கும்.

பழைய வண்டியும் டீசல்தான், 2012-ல வாங்கினது. பதினோரு வருஷம் உழைச்சுது, ஒரு குறை சொல்ல முடியாது. அதனால 2023 ஆகஸ்ட்ல புது வண்டி பார்க்கப் போனப்ப டீசல்னா மிச்சம்ங்கிறது எங்க மனசுலயே ஊறிப் போயிருந்தது. இருந்தாலும் ஷோரூம்ல பெட்ரோல் வண்டியும் நின்னதால நான் கேட்டேன்: "எங்களுக்கு ஊருக்குள்ளதான் ஓட்டம், பெட்ரோல் போதாதா?"

சேல்ஸ் பையன் ஒரு புரோச்சரைத் திருப்பி, பின்பக்கத்துல நீல பேனாவால கணக்கு போட்டான். டீசல் 95 ரூபாய், மைலேஜ் 20. பெட்ரோல் 103 ரூபாய், மைலேஜ் 12. ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர், மாசம் 26 நாள். கடைசியில "மாசம் 8,000 மிச்சம்"னு எழுதி ரெண்டு தடவை வட்டம் போட்டான். "அக்கா, டீசல் வண்டி 1,15,000 கூட வருது, ஆனா பதினஞ்சே மாசத்துல அது திரும்பிடும். அதுக்கப்புறம் எல்லாம் உங்க லாபம்தாங்க்கா." நாங்க ஓடுறது 40-தானேன்னு சொன்னேன். "தொழில் வளரும்ல, 80-னே வைப்போம்"னான். நல்ல வார்த்தை சொல்றானேன்னு நாங்களும் தலையாட்டிட்டோம்.

வண்டி எடுக்கிற அன்னைக்கு அந்தப் புரோச்சரை "ஃபைலுக்கு வேணும்"னு திரும்ப வாங்கிக்கிட்டான். அது எதுக்குன்னு அப்ப புரியலை. எங்க பொண்ணு வண்டிப் படத்தை போன்ல எடுக்கிறப்ப பின்பக்கத்தையும் சேர்த்து எடுத்து வச்சிருந்தா. இன்னைக்கு எங்க கையில இருக்கிற ஒரே எழுத்து ஆதாரம் அந்தப் போட்டோதான்.

முதல் ஆறு மாசம் வண்டி நல்லாத்தான் ஓடுச்சு. மைலேஜ் மட்டும் 13-ஐத் தாண்டலை. ஒவ்வொரு தடவை டேங்க் நிரப்பும்போதும் கிலோமீட்டரும் லிட்டரும் நோட்டுல எழுதுறது என் பழக்கம், அதனால இது உத்தேசமா சொல்றது இல்லை. பிப்ரவரியில டேஷ்போர்டுல புதுசா ஒரு மஞ்சள் விளக்கு எரிஞ்சுது. சர்வீஸ் சென்டர்ல கம்ப்யூட்டரை மாட்டி ஒரு மணி நேரம் என்ஜினை உறுமவிட்டு, விளக்கை அணைச்சு, 2,800 ரூபாய் பில் போட்டாங்க. என்ன கோளாறுன்னு கேட்டதுக்கு "நார்மல் மேடம்"னு பதில். அடுத்த அஞ்சு மாசத்துல இன்னும் ரெண்டு தடவை அதே விளக்கு, அதே 2,800.

ஜூலையில ஒரு நாள் காலையில லோடு ஏத்துறதுக்கு முன்னாடி அவர் என்ஜின் ஆயிலை அளக்கிற டிப்ஸ்டிக் கம்பியை உருவிப் பார்த்துட்டு என்னைக் கூப்பிட்டார். ஆயில் மேல் கோட்டையும் தாண்டி ஒரு விரல் உயரம் ஏறியிருந்தது. ஓடுற வண்டியில ஆயில் குறையும்னு கேள்விப்பட்டிருக்கோம், கூடுமா? ஒரு சொட்டை விரல்ல தேய்ச்சு மோந்து பார்த்தேன். பங்க்ல நிக்கிற மாதிரி டீசல் வாடை. கொழகொழப்பே இல்லாம தண்ணியா வழுக்குச்சு.

ஷோரூம்ல யாரும் சொல்லாத விஷயத்தை அன்னைக்குத்தான் சத்தி ரோட்டுல இருக்கிற ஒரு மெக்கானிக் எங்களை உட்கார வச்சு விளக்கினார். 2020 ஏப்ரல் 1-ல இருந்து பி.எஸ்.6-ங்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் டீசல் வண்டிகளோட புகைக்குழாயில டி.பி.எஃப்னு ஒண்ணு வந்துடுச்சு. தேன்கூடு மாதிரி நுணுக்கமான ஓட்டை வச்ச வடிகட்டி அது. புகையில வர்ற கரியை அது பிடிச்சு வச்சுக்கும். பிடிச்ச கரியை அப்பப்ப எரிச்சுத் தள்ளணும், அதுக்கு உள்ள 600 டிகிரிக்குப் பக்கத்துல சூடு ஏறணும். அந்தச் சூட்டைக் கொண்டுவர என்ஜின் கூடுதலா டீசல் அடிக்கும். ரோட்டுல ஒரே வேகத்துல இருபது நிமிஷம் ஓடினா கரி எரிஞ்சு முடிஞ்சுடும். எங்க வண்டி மாதிரி முந்நூறு மீட்டருக்கு ஒரு தடவை நின்னா, எரியத் தொடங்கினது பாதியில நின்னு போகும். எரியாத டீசல் பிஸ்டன் ஓரமா இறங்கி ஆயில்ல கலக்கும். கரி அடைச்சுக்கிட்டே போகும். எங்க ஆயில் ஏன் ஏறுச்சு, மைலேஜ் ஏன் 13-ல நின்னுச்சு, விளக்கு ஏன் எரிஞ்சுது, மூணுக்கும் பதில் இதுதான்.

"வாரத்துக்கு ரெண்டு தடவை நீலாம்பூர் பைபாஸ்ல ஏத்தி மதுக்கரை வரைக்கும் ஓட்டிட்டு வாங்க"ன்னார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனா யோசிச்சுப் பாருங்க, போக வர 56 கிலோமீட்டர். எங்க ஒரு நாள் ஓட்டத்தை விட அதிகம். வடிகட்டியைச் சுத்தம் பண்றதுக்காகக் காலி வண்டியில டீசல் போட்டு ஊர் சுத்தணும். ரெண்டு மாசம் அதையும் செஞ்சோம். ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரருக்கு இருந்த ஒரே ஓய்வும் அதுலயே போச்சு.

நவம்பர்ல வண்டி ஏத்தத்துல இழுக்கவே இல்லை. 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகாது. வடிகட்டியைக் கழட்டிச் சுத்தம் பண்ண 14,500 வாங்கினாங்க, மூணு வாரம் தாங்குச்சு. அப்புறம், புதுசுதான் போடணும், 72,000 ரூபாய்னாங்க. வாரண்டி இருக்கேன்னு கேட்டேன். சர்வீஸ் அட்வைசர் சொன்ன பதில் இன்னும் காதுல நிக்குது: "மேடம், வண்டியில தப்பு இல்லை. உங்க ஓட்டம்தான் இந்த வண்டிக்குச் செட் ஆகலை. ஊருக்குள்ள ஓட்டுறவங்களுக்கு நாங்க பெட்ரோல்தானே சொல்லுவோம்." வண்டி வித்த அதே கட்டடம். ஷோரூம்ல நான் பெட்ரோல் போதாதான்னு கேட்ட மேஜை, அவர் நின்ன இடத்துல இருந்து பத்தடி தூரம் கூட இருக்காது.

வேற வழியில்லாம நகையை வச்சுப் பணம் கட்டினோம். வண்டி ஒன்பது நாள் நின்னுச்சு. கேன் போடாம இருக்க முடியாதே, நாளைக்கு 1,400 ரூபாய்க்கு வாடகை வண்டி எடுத்தோம். விளக்கு அணைச்சதுக்கு 8,400, டீசல் கலந்த ஆயிலை இடையில ரெண்டு தடவை மாத்தினதுக்கு 8,400, சுத்தம் பண்ணினது 14,500, புது வடிகட்டி 72,000, வாடகை 12,600. கூட்டினா 1,15,900. பெட்ரோலை விட்டுட்டு டீசல் எடுக்கக் கூடுதலா கொடுத்த 1,15,000-த்தை இன்னொரு தடவை கொடுத்திருக்கோம்.

சரி, வடிகட்டித் தொல்லையே வரலைன்னு வச்சுக்கிட்டு உண்மையான கணக்கைப் பாருங்க. எங்க சொந்தக்காரப் பையன் இதே தொழிலுக்குப் பெட்ரோல் பிக்கப் வச்சிருக்கான், ஊருக்குள்ள லோடோட 11.5 கொடுக்குது. அவனுக்குக் கிலோமீட்டருக்கு 8.96 ரூபாய், எங்களுக்கு 7.31 ரூபாய். வித்தியாசம் 1.65. மாசம் 1,040 கிலோமீட்டருக்கு 1,700 ரூபாய் சொச்சம்தான் மிச்சம், சேல்ஸ் பையன் எழுதின 8,000 இல்லை. 1,15,000-த்தையும் சேர்த்துக் கடன் வாங்கியிருக்கோம், ஃபிளாட் 7 சதவீதம் (அசல் குறைஞ்சாலும் முழுத் தொகைக்கே வட்டி), நாலு வருஷம். அந்தக் கூடுதல் தொகைக்கு மட்டும் வட்டி 32,200. (ஃபிளாட் 7-ன்னா குறைவா தெரியும். குறைஞ்சுக்கிட்டே வர்ற அசல்ல பார்த்தா 12.5 சதவீதத்துக்கும் மேல. இதையும் யாரும் சொல்ல மாட்டாங்க.) ஆக 1,47,200 ரூபாயை மாசம் 1,700-ஆ திரும்ப எடுக்க ஏழு வருஷத்துக்கு மேல ஆகும். டீசலுக்குச் சர்வீஸ் செலவு வருஷத்துக்கு எங்களுக்கு 8,000 கூட வந்தது. அதையும் கழிச்சா பத்து வருஷத்தைத் தாண்டுது.

2012-ல நாங்க பழைய வண்டி வாங்கினப்ப பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல வித்தியாசம். டீசல் விலையை அப்ப அரசாங்கம் மானியம் கொடுத்துப் பிடிச்சு வச்சிருந்தது. 2014 அக்டோபர்ல அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துட்டாங்க. 2023-ல நாங்க புது வண்டி வாங்கினப்ப வித்தியாசம் எட்டு ரூபாய்தான். விலை மாறிடுச்சு, என்ஜினும் மாறிடுச்சு, எங்க நினைப்பு மட்டும் 2012-லயே நின்னுடுச்சு. ஷோரூம்காரங்களுக்கு இது நல்லாத் தெரியும், நம்ம பழைய நினைப்பை வச்சேதான் விக்கிறாங்க.

டீசலே கூடாதுன்னு நான் சொல்லலை. எங்க சித்தப்பா இதே மாடல் டீசல் வண்டியில பொள்ளாச்சியில இருந்து தேங்காய் லோடு அடிக்கிறார். நாளைக்கு 180 கிலோமீட்டர், பெரும்பாலும் மெயின் ரோடு. 1,40,000 கிலோமீட்டர் தாண்டியும் அந்த விளக்கு ஒரு தடவை கூட அவருக்கு எரியலை. அவருக்கு லிட்டருக்கு 18 கிடைக்குது. உங்க ஓட்டம் அந்த மாதிரின்னா டீசல் எடுங்க, நிச்சயமா மிச்சம்தான். தினம் 40, 50 கிலோமீட்டர்னா பெட்ரோல் பாருங்க, பக்கத்துல பங்க் இருந்தா சி.என்.ஜி.யும் பாருங்க. கணக்கு போடுறப்ப உங்க கிலோமீட்டரை நீங்களே சொல்லுங்க, அவங்களை எழுத விடாதீங்க. "ஊருக்குள்ள ஓட்டினா டி.பி.எஃப் அடைக்குமா, அடைச்சா வாரண்டி உண்டா"ன்னு வாட்ஸ்அப்ல எழுதிக் கேளுங்க. பதில் எழுத்துல வரலைன்னா அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

இன்னொண்ணு. வடிகட்டியைக் கழட்டிக் காலி குழாய் வச்சு, கம்ப்யூட்டரையும் மாத்தித் தர்றேன், 12,000 போதும்னு எங்ககிட்ட ஒருத்தர் வந்தார். வீட்டுக்காரரும் அந்தச் சமயத்துல இருந்த கஷ்டத்துல சரின்னுட்டார். நான்தான் தடுத்தேன். அது மோட்டார் வாகனச் சட்டப்படி குத்தம், 182ஏ பிரிவுல ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலோ, ரெண்டுமே கூடவோ உண்டு. வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்கப் போறப்ப மாட்டுவோம். எல்லாத்துக்கும் மேல, அந்தக் கரிப்புகையைத் தினம் தெருத்தெருவா விடப்போறது நம்ம வாடிக்கையாளர் வீட்டு வாசல்லதான்.

புகார் கொடுக்கப் போறோம்னதும் ஷோரூம் மேனேஜர் "கமர்ஷியல் வண்டிக்கு கன்ஸ்யூமர் கோர்ட் கிடையாது"ன்னார். இது பொய். பிழைப்புக்காகச் சுயதொழில் பண்றவங்க தானே உபயோகிக்க வாங்கினா அது வணிக நோக்கம் ஆகாதுன்னு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துலயே இருக்கு. வண்டியை ஓட்டுறது என் வீட்டுக்காரர், சாப்பிடுறது அந்த வருமானத்துல. முதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணிப் புகாரைப் பதிவு பண்ணினோம், பதிலே வரலை. அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல வழக்கு போட்டோம். கொடுத்த விலை 5 லட்சம் வரைன்னா கட்டணமே இல்லை, 5-க்கு மேல 10 லட்சம் வரைக்கும் 200 ரூபாய்தான். பிரச்சினை வந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடணும், தள்ளிப் போடாதீங்க.

என் நோட்டு, எல்லா பில்லு, பொண்ணு எடுத்த அந்தப் புரோச்சர் போட்டோ, மூணையும் சேர்த்துக் கொடுத்திருக்கோம். போட்டோவுல "ஒரு நாள் 80 கி.மீ"ங்கிறது தெளிவா தெரியுது, பக்கத்துல ரெண்டு வட்டம் போட்ட 8,000-மும் தெரியுது. அடுத்த வாய்தா வர்ற மாசம். அதே ஷோரூம்ல டீசல் வாங்கிட்டு இதே பதிலைக் கேட்டவங்க கோயம்புத்தூர்ல யாராவது இருந்தா, பில்லோட என்னைத் தொடர்பு கொள்ளுங்க. ஒருத்தர் சொன்னா உங்க ஓட்டம் சரியில்லைன்னு சொல்லிடுறாங்க, பத்துப் பேர் சொன்னா அப்படிச் சொல்ல முடியாது.