இன்ஸ்பெக்டர் வந்த அன்று நானும் அங்கே இருந்தேன் (சாட்ஸ்வொர்த் கிரீச் ஒன்று)

மகளுக்கு மூன்றரை வயது. தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தபின் இது அவளுக்கு இரண்டாவது கிரீச் (பகல்நேரப் பிள்ளைக் காப்பகம்). முதலாவதில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு போன் வந்தது: "இன்னிக்கு இன்ஸ்பெக்‌ஷன், முடிஞ்சா பிள்ளையை வீட்டிலயே வெச்சுக்கோங்க." நானும் வெகுளியாக லீவு போட்டேன். வீட்டுக்கார ஆன்ட்டிதான் சிரித்துக்கொண்டே விளக்கினார்: "தலை எண்ணுவாங்க கண்ணு, அதான்." இந்த வயதில் இருபது பிள்ளைகளுக்கு ஒரு டீச்சராவது இருக்க வேண்டும் என்பது இங்கே விதி. அங்கே ஒரே டீச்சரிடம் முப்பதுக்கு மேல். அந்த மாதமே நிறுத்திவிட்டோம்.

இப்போதைய கிரீச் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில், யூனிட் 5-இல், பழைய வீடு ஒன்றை மாற்றிக் கட்டியது. சேர்க்கும்போது காகிதங்களைக் காட்டச் சொன்னேன். நடத்தும் அம்மா முகம் சுளிக்காமல் தடிமனான கோப்பை எடுத்து வைத்தார். 2022 ஏப்ரலில் கிரீச்சுகளின் பொறுப்பு சமூக மேம்பாட்டுத் துறையிடமிருந்து அடிப்படைக் கல்வித் துறைக்குப் போனதால் இரண்டு துறைக் கடிதங்களும் இருந்தன. முனிசிபாலிட்டியின் சுகாதாரச் சான்றிதழ் தனியாக. சரி, காகிதம் முதல் கிரீச்சிலும்தான் சுவரில் தொங்கியது.

நம்பிக்கை வந்தது மார்ச்சில். மறந்துவிட்ட ஆஸ்துமா பம்ப்பைக் கொடுக்கப் போனேன். அப்போதுதான் முனிசிபாலிட்டி சுகாதார அதிகாரி, ஒரு பெண்மணி, சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். வகுப்பறைக்குப் போகவில்லை, நேரே கழிப்பறைக்கு. குழாயைத் திறந்தார், சோப்பு இருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் குனிந்து, நாப்பி மாற்றும் மெத்தையின் ஓரத்தில் விரல் நகம் அளவு கிழிசலை அழுத்தினார். உள்ளேயிருந்து ஈரம் கசிந்தது. நானாக இருந்தால் பார்த்திருக்கவே மாட்டேன்.

சமையலறையில் ஃபிரிட்ஜுக்குள் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு, "போலனி கொடுக்கிறீர்களா?" என்று கேட்டார். போலனி என்ற பதப்படுத்திய இறைச்சி வழியாகப் பரவிய லிஸ்டீரியா கிருமியால் 2017-18-இல் இருநூறுக்கும் மேல் செத்தார்களே, அந்த பயம் இன்னும் போகவில்லை. பிறகு எலி மருந்து எங்கே என்றார். 2024 அக்டோபரில் சொவேட்டோவில், தெருவில் எலி மருந்தாக விற்கப்பட்ட டெர்புஃபாஸ் என்ற பூச்சிக்கொல்லி விஷத்தால் ஆறு பிள்ளைகள் போனபின் இந்தக் கேள்வியை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. இங்கே எலிக்கூண்டு மட்டும்தான். இவ்வளவுக்கும் நடுவில் சமையல்கார அக்கா பருப்பைக் கிளறிக்கொண்டே இருந்தார். யாரும் ஓடவில்லை, எதையும் ஒளிக்கவில்லை. பிள்ளைகள் பத்தொன்பது பேர், டீச்சர் ஒருவர், உதவிக்கு ஒருவர். எண்ணிப் பார்த்தேன்.

திங்கட்கிழமை போனால் புது மெத்தை, நீல நிறத்தில்.

குறையும் உண்டு. முற்றத்துத் தகரச் சறுக்குமரம் மத்தியானம் கொதிக்கும். நிழலுக்கு ஒரு துணி கட்டச் சொல்லி இரண்டு முறை கேட்டாயிற்று. ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். மாலை ஐந்தரைக்கு மேல் பிள்ளையைக் கூட்டிப்போக வந்தால் ஒவ்வொரு கால் மணிக்கும் ஐம்பது ராண்ட் அபராதம். மழையில் ஹைவேயில் வண்டி மாட்டிக்கொண்டது என்றாலும் அதில் மட்டும் இரக்கமே கிடையாது.