ரொமானே-கோன்டியா, க்ளோ த வூஜோவா?

பிரான்ஸின் பர்கண்டி பகுதி வைனில் ஆசை வைத்தவர்கள் இந்த இரண்டு தோட்டங்களுக்கும் நடுவில் தடுமாறுவார்கள். இரண்டுமே கிராண்ட் க்ரூ, அதாவது பர்கண்டி தோட்டங்களின் மிக உயர்ந்த தரவரிசை; இரண்டிலும் பினோ நுவார் திராட்சைதான்.

பரப்பு: ரொமானே-கோன்டி சுமார் 1.8 ஹெக்டேர், ஒரே உரிமையாளர். வூஜோ சுமார் 50 ஹெக்டேர், ஏறக்குறைய 80 உரிமையாளர்கள்.

மண்: விஷயமே இங்கேதான். ரொமானே-கோன்டி சரிவின் நடுவில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் கலந்த மண், தண்ணீர் தேங்காது. வூஜோவின் மேல்பகுதியும் கிட்டத்தட்ட அப்படித்தான். கீழே சாலையோரம் வந்தால் களிமண் கனத்து ஈரம் நின்றுவிடும். அதனால் ஒரே பெயர் ஒட்டிய இரண்டு பாட்டில்கள் முற்றிலும் வேறாக ருசிக்கும். லேபிளில் தயாரிப்பாளர் பெயரைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

வரலாறு: வூஜோவை உருவாக்கி மதில் எழுப்பியவர்கள் சிஸ்டெர்சியன் துறவிகள். ரொமானேயை 1760-இல் கோன்டி இளவரசர் வாங்கினார். அங்கே 1945 அறுவடைக்குப் பிறகு பழைய கொடிகளைப் பிடுங்கி மறுநடவு செய்தார்கள். 1946 முதல் 1951 வரை வைனே இல்லை. அந்த ஆறு வருட வெறுமையை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

விலை: முன்னது பல ஆயிரம் யூரோ, பின்னது பெரும்பாலும் சில நூறு.

சரி, நேரில் போவதென்றால்? ரொமானேயில் தாழ்ந்த சுவருக்கு வெளியே, கல் சிலுவையருகே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். வூஜோ மாளிகைக்குள் துறவிகள் காலத்துப் பிரம்மாண்டமான மரப் பிழிபொறிகளையே பார்த்துவிடலாம். சேகரிப்பவருக்கு ரொமானே-கோன்டி, திறந்து குடிக்க நினைப்பவருக்கு வூஜோவின் மேல்பகுதி வைன்.