ஆன் செய்து கொடுத்ததற்கு 2,200 ரூபாய்

செல்போனைச் சர்வீஸுக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். போன மாதம் எங்கள் வீட்டில் 2,200 ரூபாய் போன கதை. போன் அம்மாவுடையது, ஏமாந்தது நான்.

அம்மாவின் ஆண்ட்ராய்டு போனுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. பக்கவாட்டில் இருக்கும் பவர் பட்டன் நாலைந்து மாதமாகவே மக்கர். ஒரு சமயம் கேட்கும், ஒரு சமயம் கேட்காது. திரையில் இரண்டு தட்டு தட்டினால் வெளிச்சம் வந்துவிடும் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் ஒரு ராத்திரி சார்ஜ் போட மறந்து, காலையில் போன் அணைந்து கிடந்தது. சார்ஜரை மாட்டினால் பேட்டரிப் படம் வருகிறது, சதவீதம் ஏறுகிறது. நூறு ஆன பிறகும் பட்டனை எத்தனை அமுக்கினாலும் ஆன் ஆகவில்லை. அந்தப் பேட்டரிப் படத்திலேயே விடை இருந்தது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடைக்கு எடுத்துப் போனோம். கவுண்டரில் இருந்தவர் போனைத் திரைச்சீலைக்குப் பின்னால் கொண்டுபோய், இருபது நிமிடம் கழித்து வந்தார். “பவர் ஐசி போயிருக்கு சார். போர்டு வேலை, 2,200 ஆகும். சாயந்திரம் வாங்கிக்கோங்க.” பவர் ஐசி என்றால் போனுக்குள் மின்சாரத்தைக் கவனிக்கும் சில்லு, போர்டு என்றால் அது ஒட்டியிருக்கும் பலகை. செக் பண்ண, போன் லாக்கைத் திறக்கும் PIN நம்பர் வேண்டும் என்றார். அம்மா சொன்னாள், அவர் மார்க்கரால் போனின் முதுகுக் கவரிலேயே எழுதிக்கொண்டார். அம்மாவுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே நாலு எண்தான், பணம் அனுப்புவதற்கும் அதேதான். வீட்டுக்கு வந்ததும் மாற்றச் சொல்லியிருக்க வேண்டும். அதையும் செய்யவில்லை. நல்லவேளை, அதில் ஒன்றும் நடக்கவில்லை.

சாயந்திரம் போனால் போன் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. பேரன் படம், வாட்ஸ்அப் எல்லாம் அப்படியே. அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே! பணத்தை ஜிபேயில் அனுப்பினேன். கிளம்பும்போது அவர் சொன்னார்: “அம்மா, கொஞ்ச நாளைக்கு சுவிட்ச் ஆஃப் மட்டும் பண்ணிடாதீங்க. சார்ஜும் ரொம்ப இறங்க விடாதீங்க. புது ஐசி செட் ஆகணும்.”

திருட்டு முழுவதும் இந்த ஒரு பேச்சில்தான் இருந்தது. அம்மா அதை டாக்டர் சொன்ன பத்தியம் மாதிரி எடுத்துக்கொண்டாள். அறுபதுக்குக் கீழே இறங்கினால் சார்ஜரைத் தேடி ஓடுவாள். நானோ பவர் பட்டனை ஒரு தடவை அமுக்கிப் பார்க்கவில்லை. தட்டினால் வெளிச்சம் வருகிறதே!

ஆறாம் நாள் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போனபோது சார்ஜரை வீட்டிலேயே விட்டுவிட்டாள். போன் வடிந்து அணைந்தது. திரும்பி வந்து சார்ஜ் போட்டால் மறுபடி அதே கதை. கடைக்காரர் இந்தத் தடவை உள்ளே போகக்கூட இல்லை, கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார். “சொன்னேன்ல, அணைக்காதீங்கன்னு. இப்ப போர்டே ஷார்ட்டு. போர்டு மாத்தினா 5,500. இல்லன்னா 800 ரூபாய்க்கு நானே எடுத்துக்கிறேன், புதுசு வாங்கிக்கோங்க.” போர்டை மாற்றினால் படங்கள் என்னாகும் என்று கேட்டேன். “எல்லாம் போயிடும் சார்.” இது ஒன்று மட்டும் உண்மை. போனின் உள் நினைவகம் அந்த போர்டிலேயே ஒட்டியிருக்கிறது, போர்டு போனால் அதுவும் போகும்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்து, கோயம்புத்தூரில் செல்போன் சர்வீஸ் வேலை பார்க்கும் சித்தி மகனைக் கூப்பிட்டேன். அவன் முதலில் கேட்டதே, “சார்ஜர் மாட்டினா பேட்டரி படம் வருதா அண்ணே?” வருகிறது என்றேன். “சதவீதம் ஏறுதா?” ஏறுகிறது. “அப்ப போர்டுக்கு ஒண்ணும் ஆகல. செத்துப்போன போர்டு படம் காட்டாது. கம்ப்யூட்டர் இருக்கா?”

அவன் சொன்னபடி போனைச் சார்ஜரிலிருந்து எடுத்து, வால்யூம் பட்டன் இரண்டையும் சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டே கம்ப்யூட்டரில் செருகியிருந்த டேட்டா கேபிளை மாட்டினேன். நீல நிறத்தில் ஓர் எச்சரிக்கைத் திரை வந்தது. வால்யூம் மேல் பட்டன் என்றால் தொடரும், கீழ் பட்டன் என்றால் ரத்து. “கீழே, கீழே! மேலே அமுக்கிடாதே” என்று கத்தினான். கீழே அமுக்கினேன். போன் அதிர்ந்து, நிறுவனத்தின் பெயர் மின்னி, அரை நிமிடத்தில் பேரன் படம். செலவு பூஜ்யம்.

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: “அவன் உனக்கு 2,200 ரூபாய்க்கு வித்தது இதைத்தான் அண்ணே. ஐசியாவது மண்ணாவது.”

அப்புறம் அவன் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். பவர் பட்டன் தானாக எதையும் ஆன் செய்வதில்லை. மெல்லிய ஃபிளெக்ஸ் பட்டையில் ஒரு குட்டி சுவிட்ச் இருக்கிறது. அமுக்கினால் ஒரு கம்பியைக் கிரவுண்டோடு, அதாவது பேட்டரியின் மைனஸ் பக்கத்தோடு, சேர்க்கும், அவ்வளவுதான். அதைப் பார்த்துப் போனை எழுப்புவது உள்ளே இருக்கும் பவர் ஐசி. அதை எழுப்ப வேறு வழிகளும் உண்டு. சார்ஜர் மாட்டுவதே ஒரு தட்டுதான், பேட்டரிப் படம் வருவது அதனால். உள்ளே ஓடும் கடிகாரமும் எழுப்பும். சில ரெட்மி, விவோ போன்களில் குறித்த நேரத்தில் அணைந்து தானாக ஆன் ஆகும்படி வைக்கிற வசதி இருக்கிறதே, அது இப்படித்தான். மெக்கானிக் என்றால் போனைத் திறந்து, பட்டன் வந்து சேரும் இரண்டு புள்ளிகளை ட்வீசரால் தொட்டுவிட்டால் போதும், ஒரு நொடி வேலை. ஐபோன் இன்னும் சுலபம், அணைந்திருக்கும்போது சார்ஜர் மாட்டினாலே ஆன் ஆகிவிடும். ஆக, பட்டன் செத்த போனைக் கடைக்காரர் எப்படி வேண்டுமானாலும் எழுப்பி, ஓட ஓட உங்கள் கையில் கொடுக்கலாம். நீங்கள் அணைக்காத வரை வண்டவாளம் வெளியே வராது.

அதனால் சர்வீஸ் முடிந்து வாங்கும்போது கடையிலேயே, சார்ஜர் மாட்டாமல், போனை முழுதாக அணைத்து, உங்கள் விரலால் பட்டனை அமுக்கி ஆன் செய்யுங்கள். ஒரு தடவை போதாது, இரண்டு மூன்று தடவை. “செட் ஆகணும், அணைக்காதீங்க” என்று யாராவது சொன்னால் பணத்தைப் பையிலேயே வையுங்கள். சிமெண்டா பூசியிருக்கிறார்கள், செட் ஆவதற்கு?

வீட்டில் இந்த வால்யூம் வித்தையைச் செய்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இது எங்கள் மாடலில் வேலை செய்தது. மாடலுக்கு மாடல் பட்டன் சேர்க்கை மாறும், சிலவற்றில் வழியே இருக்காது. அந்தத் திரையில் தப்பித் தவறி மேல் பட்டனை அமுக்கினால் மென்பொருள் ஏற்றும் நிலைக்குள் போய்விடும். அதிலிருந்து வெளியே வர பவர் பட்டனும் வால்யூம் கீழ் பட்டனும் சேர்த்து அமுக்க வேண்டும். நம்மிடம் இல்லாததே அந்தப் பவர் பட்டன்தான்! பேட்டரி தீரும்வரை பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பேட்டரி அடியோடு வடிந்த போன் என்றால் படம் வரவே கொஞ்ச நேரம் ஆகும். அரை மணி நேரம் சார்ஜரில் விட்டுவிட்டு அப்புறம் முடிவுக்கு வாருங்கள்.

பணம் திரும்பி வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. போய்ச் சண்டை போட்டேன். “பழைய ஐசியைக் காட்டுங்கள்” என்றதற்கு, குப்பையில் போட்டாச்சு என்றார். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம் என்று பார்த்தால், என் கையில் இருப்பது கடையின் பெயர்கூட அச்சடிக்காத ஒரு துண்டுச் சீட்டு. ‘போர்டு வேலை 2200’ என்று பேனாவில் கிறுக்கியது. ஜிபேயிலும் யாரோ ஒரு தனி ஆளின் பெயர்தான் வருகிறது. என்ன பழுது, எந்தப் பாகம் மாற்றினோம் என்று எழுதிய பில் இல்லாமல் இனி எங்கேயும் பணம் கொடுப்பதில்லை. மாற்றிய பழைய பாகத்தையும் கையோடு கேட்டு வாங்குவேன்.

பவர் பட்டனின் ஃபிளெக்ஸை வேறொரு கடையில் மாற்றினோம். பாகமும் கூலியும் சேர்த்து 650 ரூபாய். அந்தத் தம்பி நாங்கள் கேட்காமலே போனை அணைத்து அம்மா கையில் கொடுத்து, “நீங்களே அமுக்கிப் பாருங்கம்மா” என்றார். அம்மா கட்டைவிரலால் அமுக்கினாள். ஆன் ஆனது. அணைத்தாள், மறுபடி அமுக்கினாள். நாலு தடவை.

இன்னமும் அறுபதுக்குக் கீழே இறங்கினால் சார்ஜரைத் தேடுகிறாள். ஐசியே மாற்றவில்லை என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். “இருக்கட்டும்டா, எதுக்கு வம்பு” என்கிறாள்.