டைனமோ எத்தனை ஆம்பியர் என்று கேட்காத கடையில் கார் சவுண்ட் சிஸ்டம் மாட்டாதீர்கள்

பொங்கலுக்கு முன்னால் என் காருக்கு சப்வூஃபர், அதாவது பேஸ் சத்தத்துக்கென்றே இருக்கும் பெரிய ஸ்பீக்கர் மாட்டினேன். 22,500 ரூபாய் என்று பேசி ஆரம்பித்தது 35,700 ரூபாயில் போய் முடிந்தது. பணம் போனதைக்கூட ஆற்றிக்கொள்ளலாம். தொப்பூர் கணவாயில் ராத்திரி பத்தரை மணிக்கு, மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ளே இருக்க, வண்டி மூச்சு விடாமல் நின்றதுதான் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

கடை சேலத்தில் இருக்கிறது. பெயரைப் போடவில்லை, ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

என்னுடையது 2016 மாடல் சின்ன பெட்ரோல் கார். 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. கம்பெனி ஸ்பீக்கரில் இளையராஜா பாட்டு போட்டால் பேஸ் கிட்டார் எங்கே போகிறது என்றே தெரியாது. அந்த ஒன்றுக்காகத்தான் ஆசைப்பட்டேன், காது கிழிய வைத்துக்கொண்டு ஊர்வலம் போவதற்கு இல்லை. கடைக்காரர் பட்டியல் போட்டார்: 2400 வாட் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), 12 இன்ச் சப்வூஃபர் பாக்ஸோடு, முன் கதவுக்கு இரண்டு ஸ்பீக்கர், 4 கேஜ் ஒயரிங் கிட், கூலி. "வண்டி கரண்ட் தாங்குமாங்க?" என்று கேட்டேன். "இதைவிட டபுள் போட்டவங்கள்லாம் ஓட்டுறாங்க சார், ஒண்ணும் ஆகாது" என்றார். பானெட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கும் அப்போது அது தோன்றவில்லை.

டெமோ பிரமாதமாக இருந்தது. ஆனால் டெமோ முழுக்க கடைப் பையன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தபடியே இருந்தான். அதன் அர்த்தம் இரண்டு மாதம் கழித்துத்தான் புரிந்தது.

அன்று ராத்திரி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது, காம்பவுண்ட் சுவரில் விழுந்த ஹெட்லைட் வெளிச்சம் பாட்டின் ஒவ்வொரு அடிக்கும் மங்கி மங்கி எரிந்தது. "அப்பா, லைட்டும் டான்ஸ் ஆடுது" என்றான் சின்னவன். எனக்கும் சிரிப்புதான் வந்தது.

மறுநாள் கடைக்குப் போனேன். "கேபாசிட்டர் போட்டா சரியாயிடும்" என்று, நீலக் கலரில் வோல்டேஜ் காட்டுகிற ஒரு உருளையை மாட்டி 3,200 ரூபாய் வாங்கினார்கள். கரண்டைக் கொஞ்சம் சேர்த்து வைத்து, தேவைப்படும்போது சட்டென்று தருகிற ஒரு ஃபாரட் கேபாசிட்டராம். மங்குவது கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, அல்லது காசு கொடுத்ததால் அப்படித் தெரிந்தது. மூன்று வாரத்தில் காலையில் செல்ஃப் இழுக்கத் திணறியது. திரும்பவும் போனால், "பேட்டரி வீக் சார், பெருசா போட்டுடலாம்" என்று பழையதை எடுத்துக்கொண்டு 45 ஆம்பியர்-ஹவர் பேட்டரி வைத்தார்கள். அதற்கு 5,400.

அப்புறம்தான் தொப்பூர். ஓசூரில் ஒரு விசேஷம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். கணவாயில் ஏதோ லாரி குறுக்கே நின்று, ஒன்றரை மணி நேரம் வண்டிகள் நகரவில்லை. மழை வேறு. ஏசி, வைப்பர், ஹெட்லைட் எல்லாம் ஓட, பிள்ளைகள் தூங்கட்டும் என்று பாட்டும் போட்டிருந்தேன். சரி, பெட்ரோலாவது மிச்சமாகட்டும் என்று எஞ்சினை அணைத்தேன். முன்னால் வண்டிகள் நகர ஆரம்பித்ததும் சாவியைத் திருப்பினால் டிக், டிக், டிக். அவ்வளவுதான். பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்கின்றன. மனைவி பேசவே இல்லை, அது இன்னும் பயம். ஒரு லாரி கிளீனரும் இன்னும் இரண்டு பேரும் இறங்கி வந்து தள்ளினார்கள். சேலம் பக்கம் போக இறக்கம் என்பதால் செகண்ட் கியரில் கிளட்ச்சை விட்டதும் எப்படியோ எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்த மூவரின் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் ஐந்து ரோடு பக்கம் ஒரு செல்ஃப்-டைனமோ மெக்கானிக்கிடம் போனேன். அறுபது வயதிருக்கும். சப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதல் வேலையாக பானெட்டைத் திறந்து, எஞ்சின் ஓடும்போது வண்டிக்குக் கரண்ட் தந்து பேட்டரியையும் நிரப்புகிற டைனமோவின் லேபிளைத் துணியால் துடைத்துக் காட்டினார்: 12 வோல்ட், 70 ஆம்பியர். "இத யாராச்சும் பாத்தாங்களா தம்பி?" என்றார். நான் தலையை ஆட்டினேன், இல்லையென்று.

டைனமோவைக் கழற்றிப் பிரித்தபோது கருகிய வாடை வந்தது. டயோடு பிளேட்டில் இரண்டு டயோடு போய்விட்டிருந்தது. எந்நேரமும் முழு பாரத்தில் சூடேறி ஓடினால் அது தாங்காதாம். சரி செய்ய 4,600 ரூபாய். மாட்டிய பிறகு கிளாம்ப் மீட்டரை வைத்து எனக்குப் பாடம் நடத்தினார். 70 ஆம்பியர் என்பது எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றும்போது வருவது. ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, மீட்டர் காட்டியது 38. ஏசி, ஹெட்லைட், ரேடியேட்டர் ஃபேன், வைப்பர், பெட்ரோல் பம்ப் எல்லாம் சேர்த்து வண்டியே கேட்டது 36. மிச்சம் இரண்டு ஆம்பியர். பாட்டை நடுத்தரமாக வைத்தாலே ஆம்ப் சராசரியாக 14, 15 இழுத்தது. மீதி முழுக்க பேட்டரியிலிருந்து போகிறது. கடைப் பையன் ஏன் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தான் என்று இப்போது தெரிகிறதா?

"அப்ப பெரிய பேட்டரி போட்டது வேஸ்டாண்ணே?"

"மாடியில டேங்க்க பெருசாக்கிட்டா, கீழ மோட்டாரு தண்ணி அதிகமா ஏத்துமா?"

கேபாசிட்டர் கணக்கை வீட்டுக்கு வந்து நானே போட்டேன். ஒரு ஃபாரட் கேபாசிட்டர் 14 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்கும்போது தருவது 26 ஜூல். ஆம்ப் 500 வாட் இழுக்கிறது என்று வைத்தால், அது ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குத்தான் காணும். தீர்ந்த பிறகு அதையும் அதே டைனமோதான் நிரப்ப வேண்டும். 3,200 ரூபாய்க்கு நான் வாங்கியது ஒரு நீல விளக்கு.

2400 வாட் என்பதும் பொய். ஆம்பின் பக்கத்தில் 25 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு இருந்தன, மொத்தம் 50. வண்டி ஓடும்போது 13.8 வோல்ட் என்று பெருக்கினால் 690 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான் என்றால் வெளியே 2400 எங்கிருந்து வரும்? அது ஏபி கிளாஸ் ஆம்ப் வேறு; பாதிக்குப் பக்கம் சூடாகவே போய்விடும். உண்மையில் கிடைப்பது 400 வாட் சுமார். அட்டையில் கொட்டை எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, பொடி எழுத்தில் இருக்கும் ஆர்எம்எஸ் வாட்டை, அதாவது ஆம்ப் தொடர்ந்து தரக்கூடிய வாட்டைத் தேடுங்கள். அது எழுதியே இல்லை என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

உண்மையிலேயே பயந்தது ஒயரைப் பார்த்தபோதுதான். மெக்கானிக் அண்ணன் பிளேடால் நுனியைச் சீவினார். செம்பு நிறம் மேலே ஒரு பூச்சுதான், உள்ளே வெள்ளை. அலுமினியத்தில் செம்பு முலாம். செம்பு கடத்துவதில் அறுபது சதவீதம் சொச்சம்தான் அலுமினியம் கடத்தும். 4 கேஜ் என்றால் 21 சதுர மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இதில் ரப்பர்தான் தடிமன், உள்ளே கம்பி சுண்டு விரலில் பாதி இல்லை. எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வருகிற தகடு ஓட்டையில் ரப்பர் வளையமும் இல்லாமல் இழுத்திருந்தார்கள்; அங்கே மேல்தோல் உராய்ந்து தேய ஆரம்பித்திருந்தது. ஃபியூஸ் எங்கே என்றால் டிக்கியில், ஆம்புக்குப் பக்கத்தில். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான் நடுவில் ஒயர் தகட்டில் பட்டாலும் அது போய் வண்டி பிழைக்கும். இங்கே பட்டிருந்தால் பேட்டரி முழு பலத்தோடு அந்த ஒயரில் இறங்கியிருக்கும். பிள்ளைகளின் காலுக்குக் கீழே கார்பெட்டுக்கு அடியில்தான் அது போகிறது.

இவ்வளவையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "வெளி மெக்கானிக் கை வெச்சுட்டாரே சார், இனிமே நாங்க பொறுப்பில்ல" என்று முடித்துவிட்டார். 1915-க்குப் போன் செய்து நுகர்வோர் புகார் பதியலாம் என்று உட்கார்ந்து கையிலிருந்த காகிதங்களைப் பார்த்தால், எல்லாமே எஸ்டிமேட் சீட்டு. கடைப் பெயர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. 'பில் போட்டா 18 பெர்சன்ட் ஏறும் சார்' என்றபோது நானும் தலையாட்டியவன்தானே. பெயரைப் போடாததற்குக் காரணம் இதுதான். இன்சூரன்ஸிலும் இப்படி வெளியில் மாட்டும் எலக்ட்ரிக்கல் சாமான்களை ஐஎம்டி 24 என்ற சேர்க்கையில், மதிப்பில் 4 சதவீதம் பிரீமியம் கட்டிச் சேர்க்கலாம். அதில் சேர்ப்பதற்கும் மதிப்பைக் காட்ட என்னிடம் பில் இல்லை.

நீங்கள் போகும் கடையில் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் டைனமோ லேபிளைப் படிக்கச் சொல்லுங்கள். ஐடிலில் எவ்வளவு மிஞ்சும், ஆம்பின் ஃபியூஸ் எத்தனை என்று கேளுங்கள். ஒயரை உங்கள் கண் முன்னால் சீவச் சொல்லுங்கள். முகம் மாறினால் கிளம்பிவிடுங்கள். பெரிய சிஸ்டம்தான் வேண்டும் என்றால் முதல் செலவு அதிக ஆம்பியர் டைனமோவுக்கும், அதிலிருந்து பேட்டரிக்குப் போகும் தடிமனான செம்பு ஒயருக்கும். சப் அதற்கப்புறம்.

நான் பெரிய சப்பை இறக்கிவிட்டு, சீட்டுக்கு அடியில் வைக்கிற, 10 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட சின்ன சப் ஒன்று மாட்டியிருக்கிறேன். ராஜாவின் பேஸ் கிட்டார் கேட்கிறது. சுவரில் வெளிச்சம் ஆடவில்லை.

கேபாசிட்டரை 800 ரூபாய்க்கு விற்பதாகப் போட்டேன். நேற்று ஒரு பையன் போன் செய்தான். "அண்ணா, இதப் போட்டா ஹெட்லைட் டிம் ஆகுறது நின்னுடுமா?" நிற்காது தம்பி என்றேன். கட் பண்ணிவிட்டான்.