ஹைட்ரோமீட்டரும் அடர்த்தி பாட்டிலும்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஆய்வகத்துக்குப் புதிதாக ஒரு கரைப்பானோ அமிலமோ வந்தால் நான் முதலில் பார்ப்பது அடர்த்தியைத்தான். அதற்குப் பல வருடங்களாகக் கையில் இருப்பவை ஒரு கண்ணாடி ஹைட்ரோமீட்டர் செட் (திரவத்தில் மிதக்கவிட்டு, தண்டிலுள்ள கோட்டில் அடர்த்தியைப் படிக்கும் கருவிகள்), அப்புறம் 25 மி.லி. அடர்த்தி பாட்டில் (திரவத்தை நிரப்பி எடை போட்டு அடர்த்தி காணும் சிறு பாட்டில்). இரண்டும் பழங்காலத்துச் சாமான்கள், இரண்டும் நன்றாகவே உழைக்கின்றன. ஆனால் பக்கத்தில் ஒரு வெப்பமானி இல்லையென்றால் இரண்டுமே காட்டும் எண்ணை நான் நம்புவதில்லை.

அட்டவணைகளில் "அறை வெப்பநிலையில்" என்று போட்டிருப்பார்கள். எந்த அறை? அசிட்டோனின் அடர்த்தி 20 டிகிரி செல்சியஸில் 0.790 (இங்கே எல்லா எண்களும் மி.லி.க்கு எத்தனை கிராம் என்ற கணக்கில்). அதுவே 25 டிகிரியில் ஏறக்குறைய 0.7845. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலுக்கு 20 டிகிரியில் 0.785. ஐந்து டிகிரி ஏறினால் போதும், அசிட்டோன் ஆல்கஹால் மாதிரி காட்டும்! எத்தனால் 0.789, மெத்தனால் 0.792 என்று இன்னும் இரண்டு பேர் அதே தெருவில் குடியிருக்கிறார்கள். ஆகவே பாட்டிலில் லேபிள் கிழிந்துபோன கரைப்பானை அடர்த்தியை மட்டும் வைத்து இன்னதென்று சொல்வது நடக்காத காரியம். தண்ணீர் இந்த விஷயத்தில் பரவாயில்லை. 20 டிகிரியில் 0.9982, 25 டிகிரியில் 0.9970. கரிமக் கரைப்பான்கள்தான் சூட்டுக்கு இப்படி விரிகின்றன.

ஹைட்ரோமீட்டரின் பலம் வேகம். உயரமான ஜாடியில் திரவத்தை ஊற்றி, மிதக்கவிட்டு, லேசாகச் சுழற்றிவிட்டு, சுவரில் ஒட்டாமல் நிற்கும்போது படித்துவிடலாம். மூன்றாம் தசமம் வரை கிடைக்கும். தண்டில் அச்சிட்டிருக்கும் வெப்பநிலையை மட்டும் மறக்காமல் பார்க்க வேண்டும். 15, 20, 27 டிகிரி என்று கருவிக்குக் கருவி மாறும். இன்னொரு எச்சரிக்கை: 1.000க்கு மேல் படிக்கும் கருவியை ஹெக்சேனில் (0.66) போட்டால் அது மிதக்காது, நேராக அடியில் போய் மோதும். மெல்லிய கண்ணாடி, தாங்காது. விரல் விடாமல் மெதுவாக இறக்குவதே வழக்கமாக இருக்க வேண்டும்.

கந்தக அமிலத்துக்கு ஹைட்ரோமீட்டரை விடச் சுலபமான வழி இல்லை. 50 விழுக்காட்டில் 1.395, 60 விழுக்காட்டில் 1.498 என்று ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் தெளிவாக ஏறும். ஆனால் 95ஐத் தாண்டினால் கருவி கைவிரித்துவிடும். 95, 98, 100 மூன்றுமே 1.83, 1.84 என்றுதான் நிற்கும். அங்கே டைட்ரேஷன் (செறிவு தெரிந்த காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அமிலத்தின் அளவைக் காண்பது) செய்துதான் ஆக வேண்டும்.

அசிட்டிக் அமிலம் இதைவிட வில்லங்கம். தண்ணீர் கலக்காத அமிலம் 20 டிகிரியில் 1.0498. தண்ணீர் சேர்க்கச் சேர்க்க அடர்த்தி குறையும் என்றுதானே நினைப்போம்? ஏறுகிறது. 80 விழுக்காடு வாக்கில் 1.070 வரை போய், அப்புறம்தான் இறங்குகிறது. 40 விழுக்காட்டைச் சற்றே தாண்டிய இடத்தில் மறுபடியும் 1.05. ஒரே எண், முற்றிலும் வேறான இரண்டு கரைசல்கள். இந்த அமிலத்துக்கு அடர்த்தியை மட்டும் பார்த்து 'சரி' என்று கையெழுத்துப் போடுபவரைப் பார்த்தால் எனக்குப் பயம்.

துல்லியம் வேண்டுமென்றால் அடர்த்தி பாட்டில். காலி பாட்டில், காய்ச்சி வடித்த நீர், திரவம் என்று மூன்று எடைகள்; நேரம் பிடிக்கும், ஆனால் நல்ல தராசு இருந்தால் நான்காம் தசமம் வரை நம்பலாம். பாட்டிலை உடம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது, கழுத்தைப் பிடிக்க வேண்டும். உள்ளங்கைச் சூட்டுக்கே திரவம் விரிந்து, மூடியின் நுண்துளை வழியே ஒரு துளி வெளியே வந்து நிற்கும். அதைத் துடைத்தால் எடை குறையும். அசிட்டோன், ஈதர் போன்றவற்றில் இன்னொரு தொல்லை: தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதே துளை வழியாக ஆவியாகி, கடைசி இலக்கம் இறங்கிக்கொண்டே போகும். வைத்ததும் சட்டென்று குறித்துக்கொள்வதுதான் வழி. கிளிசரினுக்கு (1.261) இதற்கு நேர்மாறான பாடு. ஆவியாகாது, ஆனால் மாட்டிக்கொண்ட காற்றுக்குமிழி லேசில் மேலே வராது. நிரப்பிவிட்டு வெகுநேரம் காத்திருக்க வேண்டும்.

வாங்க நினைப்பவர்களுக்கு: அமிலங்களும் உப்புக் கரைசல்களும்தான் வேலை என்றால் ஹைட்ரோமீட்டர் செட் போதும். ஒரே நீளமான கருவியில் 0.7 முதல் 2.0 வரை எல்லாம் இருப்பதை வாங்காதீர்கள், கோடுகள் நெருங்கி ஒன்றும் படிக்க முடியாது. கரைப்பான்களுக்கு அடர்த்தி பாட்டில். பாட்டிலிலும் மூடியிலும் ஒரே எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். மூடி மாறினால் கொள்ளளவும் மாறும். பிறகு தண்ணீரை வைத்து மறுபடி அளந்தால்தான் அந்தப் பாட்டில் பயன்படும்.