இரண்டு செட், ஆறு வருடம்: எனக்குப் பொருந்திய கோல்ஃப் கிளப்கள்

என் பையில் இப்போது 12 கிளப்கள், அதாவது பந்தடிக்கும் மட்டைகள், இருக்கின்றன. விதிப்படி 14 வரை வைத்துக்கொள்ளலாம். மிச்சமிருக்கும் இரண்டு இடத்தையும் நிரப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. ஆறு வருடமாக ஆடுகிறேன். முதல் இரண்டு வருடம் ஒரு செட், அடுத்த நான்கு வருடம் இன்னொரு செட். முதல் செட்டின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது என் உடம்புக்கானது அல்ல. பொருந்தாத கிளப்பால் தூரம் குறைவதுகூடப் பெரிய விஷயமில்லை, அது உடம்புக்குத் தப்பான ஸ்விங்கைப் பழக்கிவிடுகிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது.

முதலில் வாங்கியது பிளேடு அயர்ன்கள், அதாவது பின்பக்கம் குழிவில்லாத, மெல்லிய தலை கொண்ட கிளப்கள். எண் 3 முதல் 9 வரை, கூடவே குறைந்த தூரத்துக்குப் பந்தை உயர்த்தி அடிக்கும் ஒரு பிட்சிங் வெட்ஜ், எல்லாவற்றிலும் ஸ்டிஃப், அதாவது விறைப்பான, ஸ்டீல் ஷாஃப்ட் (தண்டு). "ஆட ஆட கை பழகிடும் சார்" என்றார் விற்றவர். நானும் நம்பினேன். வலது கைக்காரனான எனக்குப் பந்து விடாமல் வலது பக்கமே போய்க்கொண்டிருந்தது. பிடியை மாற்றினேன், நிற்கும் விதத்தை மாற்றினேன். கடைசியில் மணிக்கட்டை வெடுக்கென்று திருப்பி அடித்தால் பந்து நேராகப் போவதைக் கண்டுபிடித்தேன். அதையே பழகினேன். ஆட்டத்தின் பின்பாதியில் களைத்துவிட்டால் போதும், அதே திருப்பல் பந்தை இடது பக்கம் மரங்களுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். போதாததற்கு முழங்கை வலியும் வந்தது.

ஒருநாள் கூட ஆடும் நண்பர் ஒருவர், பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரேயை என் 7 அயர்னின் முகத்தில் மெல்லிசாக அடித்துக் கொடுத்தார். வெள்ளைப் பூச்சில் பந்து படும் இடம் அச்சாக விழும். இருபது பந்து அடித்தேன். நடுவில் விழுந்தவை நான்கோ ஐந்தோ, மற்றதெல்லாம் ஷாஃப்டுக்கு எதிரே உள்ள நுனிப் பக்கம். அப்புறம் பந்தின் மேல் மார்க்கரால் தடிமனாக ஒரு கோடு போட்டு, கோடு செங்குத்தாக நின்று கிளப்பைப் பார்க்கும்படி வைத்து அடிக்கச் சொன்னார். முகத்தில் பதிந்த கோட்டின் மேல்முனை ஷாஃப்ட் இருக்கும் பக்கமாகச் சாய்ந்திருந்தது. அடிக்கும் கணத்தில் என் கிளப்பின் நுனி தரையை நோக்கித் தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். நுனி தாழ்ந்தால் முகம் வலது பக்கம் பார்க்கும். நான் உயரமானவன். அந்தக் கிளப்களின் லை கோணம், அதாவது தரையோடு ஷாஃப்ட் சேரும் சாய்வு, எனக்குத் தட்டையாக இருந்திருக்கிறது. இரண்டு வருடம் என் மணிக்கட்டு போராடியது இந்தச் சாய்வோடுதான்.

ஸ்விங் வேகத்தையும் அளந்து பார்த்தோம். அதிக தூரம் அடிக்கும் கிளப்பான டிரைவரில் மணிக்கு 88 மைல் வந்தது. பொதுவாக 85 முதல் 95 வரை கொஞ்சம் வளையும் ரெகுலர் ஷாஃப்ட், அதற்கு மேலே போனால்தான் ஸ்டிஃப் என்பார்கள். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும், ஒருவருடைய ரெகுலர் இன்னொருவரின் ஸ்டிஃப் மாதிரி இருக்கலாம். அதனால் ஷாஃப்டில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல் அடித்துப் பார்த்தே எடுங்கள்.

இரண்டாவது செட் கேவிட்டி பேக். பின்பக்கம் குழிந்து, எடை ஓரங்களில் பரவியிருக்கும். பந்து நடுவில் படாவிட்டாலும் கிளப்பின் தலை அதிகம் திரும்பாது. பிங் நிறுவனத்தைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் என்ற பொறியாளர் முதலில், பந்தைக் குழிக்குள் உருட்டும் கிளப்பான பட்டரில் செய்து காட்டிய யோசனை இது. லை கோணத்தை 2 டிகிரி நிமிர்த்தி, ரெகுலர் கிராஃபைட் ஷாஃப்ட் போட்டுக்கொண்டேன். ஸ்டீலைவிட எடை ரொம்பக் குறைவு. முழங்கை வலி சில மாதங்களில் அடங்கியது. மணிக்கட்டுப் பழக்கத்தை மறக்கத்தான் ஒரு வருடம் பிடித்தது.

ஒரு விஷயம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பழைய 7 அயர்னின் லாஃப்ட், அதாவது முகம் பின்னே சாய்ந்திருக்கும் கோணம், 34 டிகிரி, புதியதில் 30. கூடுதலாக வந்த பத்து யார்டு பெரும்பாலும் அந்த 4 டிகிரியின் வேலை. எல்லா அயர்னும் இப்படி நிமிர்ந்ததால் பிட்சிங் வெட்ஜும் 44 டிகிரிக்கு வந்துவிட்டது. அடுத்து இருந்தது 56 டிகிரி சாண்ட் வெட்ஜ். நடுவில் 12 டிகிரி பள்ளம். 90 யார்டு தூரத்தில் நின்றால் எதை எடுப்பது என்றே தெரியாமல் தவித்தேன். 50 டிகிரியில் ஒரு வெட்ஜ் சேர்த்த பிறகுதான் நிம்மதி. செட் வாங்கும்போது கிளப்பில் உள்ள எண்ணைப் பார்க்காதீர்கள், லாஃப்டைக் கேளுங்கள்.

3, 4, 5 அயர்ன்களுக்குப் பதில், அயர்னைவிடத் தடித்த தலை கொண்ட இரண்டு ஹைப்ரிட். நீளப் புல்லிலிருந்து பந்தைக் கிளப்ப இதைவிட நல்லது என் கைக்கு எதுவும் இல்லை. டிரைவர் 10.5 டிகிரி. தலை விதி அனுமதிக்கும் அதிகபட்சமான 460 சிசி. வந்தபோது நீளம் 45.5 அங்குலம், ஒரு அங்குலம் குறைத்தேன். தலை லேசாகத் தெரிந்ததால் ஈய டேப் ஒட்டினேன். தூரம் கொஞ்சம் போனது, புல் வெட்டிய பாதையான ஃபேர்வேயில் விழும் பந்துகள் நன்றாகக் கூடின. பட்டரை இன்னும் மாற்றவில்லை. விரல் மேல் ஷாஃப்டைக் கிடத்தினால் முகம் வானத்தைப் பார்க்கும் வகை, என் நேர்க்கோட்டு அடிக்கு அது ஒத்துப்போகிறது.

நான்கு வருடத்தில் தேய்ந்தது 56 டிகிரி வெட்ஜின் வரிப்பள்ளங்கள்தான். குழி இருக்கும் புல்தரையான கிரீனில் விழுந்த பந்து நிற்காமல் ஓட ஆரம்பித்ததும் மாற்றினேன். கிரிப்பை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். வழுக்கும் கிரிப்பை இறுக்கிப் பிடித்தால் தோள் வரை விறைத்துப் போகிறது.

கேவிட்டி பேக்கில் ஒரு குறை உண்டு. தப்பாக அடித்தாலும் கைக்குச் சரியாகத் தெரிவதில்லை, பந்தும் ஓரளவு போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதனால் பழைய பிளேடு 7 அயர்னை மட்டும் வைத்திருக்கிறேன். லை கோணத்தை வளைத்துச் சரிசெய்து, ஷாஃப்டையும் மாற்றியாயிற்று. பயிற்சிக்குப் போகும் நாளில் முதல் பத்து பந்து அதில்தான். முகத்தில் பவுடர், பத்து அச்சு. போன வாரம் ஏழு நடுவில் விழுந்தது.